கூட்டுறவுக்கு உடையவர் உறுப்பினரே!

தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோயில் பகுதிகளில் உழவர்க்கும் நெசவாளர்க்கும் நாள்தோறும் முகங்காட்டும் அரசு, சென்னைக் கோட்டையில் இல்லை. ஊர்த்தெருவிலுள்ள கூட்டுறவுக் கழகத்தில் இருக்கின்றது. குற்றாலத்துச் சாரல் ஓய்ந்து, சிற்றாற்றுக் கால்களில் பிசான நடவுக்கு நீர் திரும்புங்கால், விதைக்கும் எருவுக்கும் பயிர்க்கடன் கேட்டு உழவர் நிற்கும் வாயில் அது. நெசவாளர் நூல் பெறுவதும், நெய்ததை ஒப்படைத்துக் கூலி பெறுவதும் அதன் வழியே. அங்கே பொறுப்பில் இருப்பவர் உறுப்பினரால் தேர்ந்தெடுக்கப்பட்டவரா, மேலிடத்தால் அமர்த்தப்பட்டவரா என்பது சிறு வினாவன்று. தேர்ந்தெடுக்கப்பட்டவர் பேரவையில் உறுப்பினர்க்கு விடை சொல்ல வேண்டியவர். அமர்த்தப்பட்டவரோ தமக்கு ஆணையிட்ட மேலலுவலர்க்கு மட்டுமே விடை சொல்ல வேண்டியவர்.

கூட்டுறவுக் கழகம் அரசு அலுவலகமன்று. பலர் தம் சிறு பங்குப் பணத்தை ஒன்றுசேர்த்து, ஆளுக்கொரு வாக்கு என்னும் முறையில், தாமே நடத்திக்கொள்ளும் அமைப்பு அது. 1844இல் இங்கிலாந்தின் இராச்டேல் நகரில் 28 தொழிலாளர் தொடங்கிய கடையிலிருந்து உலகெங்கும் பரவிய நெறி இது. தமிழ்நாட்டில் 1904இல் திரூரிலும் காஞ்சியிலும் திருவல்லிக்கேணியிலும் இத்தகைய கழகங்கள் எழுந்தன. அரசு இவற்றுக்குக் கடன் தருகின்றது; சிலவற்றில் பங்கும் எடுக்கின்றது. ஆகலின் கணக்குக் கேட்கும் உரிமை அதற்கு உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், கணக்குக் கேட்கும் உரிமை, கழகத்தையே எடுத்துக்கொள்ளும் உரிமை ஆகிவிடுமா?

ஆகாது என்பதே சட்டத்தின் விடை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சட்டம் 1988 ஏப்பிரல் 13 முதல் நடைமுறையில் இருக்கின்றது. அதன் 88ஆம் பிரிவு, ஆளுகைக் குழுவைக் கலைக்கும் அதிகாரத்தைப் பதிவாளர்க்குத் தந்துள்ளது. எனினும் அது கட்டற்ற அதிகாரமன்று. குழு சரிவரச் செயற்படவில்லை, அல்லது சட்டப்படியான ஆணையை வேண்டுமென்றே மீறியது என்று பதிவாளர் முடிவுக்கு வருதல் வேண்டும். குழுவின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். ஆணையை எழுத்தில் தரவேண்டும். அவ்வாணையால் தாக்குண்டவர் மேல்முறையிடவும் சட்டம் வழி வைத்துள்ளது.

இதே சட்டத்தின் 87ஆம் பிரிவு தண்டத்தீர்வையைப் பற்றியது. கழகத்துக்கு எவன் இழப்பை உண்டாக்கினானோ அவனிடமிருந்தே அவ்விழப்பைத் தண்டுதற்கு அது வழி செய்கின்றது. போலி நகைக்குக் கடன் கொடுத்தவனையும், இல்லாத நிலத்துக்குப் பயிர்க்கடன் எழுதியவனையும் தண்டிக்கத்தான் வேண்டும். அவர்க்காக நாம் வழக்காட வரவில்லை. ஆயின், ஒருவன் திருடினான் என்பதற்காக, அவனைத் தேர்ந்தெடுக்காத உறுப்பினர் உட்பட அனைவர் வாக்கையும் செல்லாததாக்குவது என்ன முறை? திருடனைப் பிடிக்க 87 இருக்க, 88ஐ முதலில் தேடும் கை எதைத் தேடுகின்றது என்பதை மக்கள் அறியாதவரல்லர்.

இவ்வதிகாரத்தின் எல்லையை உச்சமுறைமன்றம் 2013 மேத் திங்களில் தெளிவாக வரைந்து காட்டியது. மத்தியப்பிரதேசத்தின் பன்னா மாவட்ட நடுவண் கூட்டுறவு வைப்பகத்தின் ஆளுகைக் குழுவை, சட்டம் கட்டாயமாக்கியிருந்த ரிசர்வு வைப்பகத்தின் கலந்தாய்வைப் பெறாமலே, அவ்வரசின் இணைப்பதிவாளர் கலைத்துவிட்டார். மன்றம் அதைத் தள்ளியது. தேர்ந்தெடுத்த குழுவைக் கலைப்பது அரிதினும் அரிதாகச் செய்ய வேண்டியது. இயல்பாக அது தன் காலத்தை முடிக்க விட வேண்டும் என்றது. முன்னிருந்த குழு செய்த குறைகளுக்கு இன்றுள்ள குழுவைத் தண்டித்தலாகாது. அக்குறைகளைக் களைய ஆறு திங்களேனும் அளிக்க வேண்டும் என்றது. பதிவாளர் தாமே எண்ணி முடிவு செய்ய வேண்டுமேயன்றி, ஆளுங்கட்சியின் சொற்படி கையொப்பமிடலாகாது என்றது. வெளியேற்றப்பட்டவரை மீண்டும் பொறுப்பில் அமர்த்தி, இழந்த காலத்தையும் ஈடுசெய்ய ஆணையிட்டது. அரசுக்கு ஓரிலக்க உருபா செலவுத்தொகை விதித்ததோடு, இணைப்பதிவாளரும் தம் சம்பளத்திலிருந்து பத்தாயிரம் உருபா கட்ட வேண்டும் என்றது. முறைதவறிக் கையொப்பமிடும் ஒவ்வோர் அலுவலரும் நினைவில் வைக்க வேண்டிய தீர்ப்பு அது.

இனி, குழு கலைந்தபின் வந்தமரும் தனி அலுவலர்க்கும் எல்லை உண்டு. குற்றால மலைக்கு அப்பாலுள்ள கேரளத்திலிருந்து எழுந்த ஒரு வழக்கில், 2000ஆம் ஆண்டில், இவ்வாறு அமர்த்தப்பட்டவர் புதிய உறுப்பினரைச் சேர்த்தலாகாது என்று உச்சமுறைமன்றம் தீர்ப்பளித்தது. இதன் உட்பொருள் எளியது. தேர்தலுக்கு முன் தமக்கு வேண்டியவரை உறுப்பினராக நிரப்பிவிட்டால், அதன்பின் நடப்பது தேர்தலாகுமா? வீட்டுக்காரன் வரும்வரை விளக்கை அணையாமற் காப்பதே தனி அலுவலரின் வேலை. வீட்டை விற்பதும் குடிவைப்பதும் அவர் வேலையல்ல.

இவ்வெல்லைகளை அரசியலமைப்புச் சட்டத்திலேயே பொறிக்க 2011இல் 97ஆம் திருத்தம் இயற்றப்பட்டது. வைப்பகமல்லாத எந்தக் கழகத்தின் குழுவையும் ஆறு திங்களுக்கு மேல் கலைத்து வைத்தலாகாது. அரசின் பங்கோ கடனோ உதவியோ பொறுப்புறுதியோ இல்லாத கழகத்தைக் கலைக்கவே கூடாது என்று அது கூறிற்று. ஆயின் கூட்டுறவு மாநிலப் பட்டியலைச் சார்ந்தது. மாநிலச் சட்டமன்றங்களில் பாதியின் ஒப்புதலைப் பெறாமலே தில்லி இதை நிறைவேற்றிவிட்டது. ஆதலின் 2021 சூலை 20இல் உச்சமுறைமன்றம், மாநிலக் கழகங்களைப் பொறுத்தவரை அப்பகுதி செல்லாதென்றது. பல மாநிலங்களிற் பரவிய கழகங்களுக்கு மட்டும் அது நிற்கின்றது. கூட்டுறவு அமைக்கும் உரிமையும், அதன் தன்னாட்சியை அரசு வளர்க்க வேண்டும் என்னும் நெறியும் அரசியலமைப்பில் இன்றும் உள்ளன.

மாநில உரிமை காக்கப்பட்டதென்று நாம் மகிழ்ந்தோம், மகிழ்ந்தது சரியே. ஆனால், தில்லியிடமிருந்து மீட்ட உரிமை கோட்டையில் தங்கிவிடுவதா? உறுப்பினர் கைக்கு வந்து சேர்வதா? இங்கேதான் நம் நேர்மை ஆய்வுக்குள்ளாகின்றது.

1976 சனவரி 31இல், தமிழ்நாட்டு மக்கள் தேர்ந்தெடுத்த அரசைத் தில்லி கலைத்தது. அதே ஆண்டில், குடியரசுத் தலைவர் ஆட்சியின்கீழ், கூட்டுறவுக் கழகங்களிலும் தேர்ந்தெடுத்த குழுக்களை அகற்றித் தனி அலுவலரை அமர்த்தச் சட்டம் செய்தனர். மாநில அரசைக் கலைத்த கையே ஊர்க் கழகத்தையும் கலைத்தது. பின்னர்த் தமிழர் தேர்ந்தெடுத்த அரசுகள் வந்தன. அச்சட்டத்தை உடனே தூக்கியெறிந்தனவா? இல்லை, அதன் காலத்தை மீண்டும் மீண்டும் நீட்டின. 2022 சனவரியில், நடப்பிலிருந்த குழுக்களின் ஐந்தாண்டுக் காலத்தை மூன்றாண்டாகக் குறைக்கும் சட்டமுன்வரைவு நம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. அது ஆளுநரின் ஒப்புதலுக்குக் காத்துக்கிடந்தது. சட்டமன்றம் நிறைவேற்றியதை ஆளுநர் கிடப்பிற் போடுவது தவறு. உறுப்பினர் ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுத்தவரை இடையில் இறக்க முனைந்ததும் தவறே. 2018இல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களின் காலம் 2023இல் முடிந்தபோது, புதுக் குழுக்கள் அமையாமல் மீண்டும் தனி அலுவலரே வந்தனர்.

மாநில அரசுகளைத் தில்லி நினைத்தபடி கலைத்தலாகாது என்று 1994இல் பொம்மை வழக்கில் தீர்ப்பு வந்தபோது நாம் வரவேற்றோம். அத்தீர்ப்பு மாநிலத்துக்கு என்ன செய்ததோ, அதையே பன்னாத் தீர்ப்பு கூட்டுறவுக்குச் செய்தது. ஒன்றைப் போற்றி, மற்றதைப் புறக்கணிப்பவர் தன்னாட்சியை விரும்புபவரல்லர். ஆட்சியை மட்டும் விரும்புபவர்.

தம்மைத் தாமே ஆளும் முறை நம் மண்ணுக்குப் புதிதுமன்று. நெல்லையிலிருந்து சங்கரன்கோயில் செல்லும் வழியிலுள்ள மானூரில், ஏறத்தாழ 1200 ஆண்டுக்கு முந்திய பாண்டியர் காலக் கல்வெட்டு உள்ளது. அவையில் அமர்வார்க்குரிய தகுதியையும், கொணரும் எதனையும் மறுத்தே நிற்பார்க்குத் தண்டத்தையும் அது வகுக்கின்றது. அது நிலமுடைய பார்ப்பனரின் அவை; உழைப்பார்க்கு அங்கு இடமில்லை என்பதை மறைக்க வேண்டா. ஆனால் அவ்விதிகளை அவையே கூடி வகுத்துக்கொண்டது என்பதைக் கருதுக. அன்று சிலர்க்கே இருந்த அவ்வுரிமையை உழவர்க்கும் நெசவாளர்க்கும் உரியதாக்கியது கூட்டுறவு.

ஆகலின் தமிழ்நாட்டரசை வலியுறுத்துகின்றோம்: தனி அலுவலரின் காலம் ஆறு திங்களைத் தாண்டாதவாறும், எத்திருத்தத்தாலும் நீட்டப்படாதவாறும் உறுதி செய்க. குழுவின் காலம் முடியுமுன்னரே தேர்தலை நடத்தி முடிக்க. குற்றச்சாட்டு எழுந்தால் தணிக்கை அறிக்கையின் படியைக் குழுவுக்குத் தந்து விளக்கம் கேட்க. தவறியவரைத் தனியே தண்டித்து, கழகத்தைத் தண்டியாது விடுக.

தோழர்களே! உறுப்பினர்க்கும் கடமை உண்டு. பேரவைக்குப் போகாமல், கணக்கைப் படிக்காமல், வாக்கைக் கட்சிக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு, பின்னர் அலுவலர் வந்தமர்ந்தாரே என்று வருந்திப் பயனில்லை. அடுத்த பேரவைக்குச் செல்லுங்கள். வரவு செலவைக் கேளுங்கள். தேர்தல் எப்போது என்று எழுத்தில் வினவுங்கள். கழகம் உங்களுடையது, அதைக் காக்கும் வேலையும் உங்களுடையதே!