மாற்றி எழுதுவது குற்றமா?
"எழுதிய விமர்சனத்தையே மாற்றுகிறவரை எப்படி நம்புவது?" என்று கேட்கிறார் நண்பர். மாற்றத் தெரியாதவரைத்தான் நம்பக்கூடாது.

1967இல் 'போனி அண்ட் கிளைட்' படத்தைக் கிழித்துப்போட்ட நியூஸ்வீக் விமர்சகர் ஜோ மோர்கன்ஸ்டெர்ன், மறுபடி பார்த்துவிட்டு, தன் தீர்ப்பு தவறு என்று அடுத்த இதழிலேயே எழுதினார். அவர் பெயர் கெடவில்லை. 2005இல் விமர்சனத்துக்காகப் புலிட்சர் பரிசு பெற்றார்.

சஞ்சய் குமார் பெருமாளின் மலேசியத் தமிழ்ப் படம் 'ஜகாட்' 2015இல் வந்தபோது "இழுவை" என்று சொன்னவன் நான். பிறகு பாக்கார் ஆராங்கில் உள்ள எங்கள் வீட்டில், பால்மரம் சீவிய அம்மாவோடு பார்த்தேன். சிறுவன் அப்போய் அப்பாவிடம் அடி வாங்கும்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்களின் வலி அது. இழுவை படத்தில் இல்லை, என் பார்வையில் இருந்தது.

நண்பரே, பழையதை அழிக்காமல் அதன் கீழேயே திருத்தம் எழுதுகிறவரை ஏசாதீர்கள்.