மோட்டாரை மாற்றுவதற்கு முன்னால்



எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக ஒரு வழக்கு நடக்கிறது. பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் பேரனிடம் ஒரு ரிமோட் படகு இருக்கிறது. ஒன்றரை அடி நீளம். "வேகம் பத்தலை ஐயா" என்றான். அவன் அப்பா உடனே பெரிய மோட்டாரும் மூன்று செல் பேட்டரியும் ஆர்டர் போடத் தயாராகிவிட்டான். நான் வேண்டாம் என்றேன். "அப்பாவுக்குக் கஞ்சத்தனம்" என்று தீர்ப்பு வந்துவிட்டது. மேல்முறையீடு இங்கே.

காசுக்காகச் சொல்லவில்லை. படகில் இப்போது இருப்பது இரண்டு செல் லித்தியம் பேட்டரி, 7.4 வோல்ட். மூன்று செல் என்றால் 11.1. மோட்டார் ஒன்றரை மடங்கு வேகத்தில் சுற்றப் பார்க்கும். ஆனால் தண்ணீருக்குள் புரொப்பெல்லரைச் சுற்றத் தேவையான திறன், சுற்று வேகத்தின் மும்மடியாக ஏறும். 1.5-ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 3.4. புரொப்பெல்லரைப் பெரிதாக்கினால் இன்னும் மோசம். அதே சுற்றில், விட்டம் 10 சதவீதம் கூடினால் சுமை 60 சதவீதம் கூடும். இரண்டு செல்லுக்கென்று செய்த சர்க்யூட் போர்டு இதைத் தாங்காது. அதையும் மாற்ற வேண்டும். மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் சுற்ற வேண்டும். கடைசியில் பழைய படகில் மிஞ்சுவது கூடும் ஸ்டிக்கரும்தான்.

நாங்கள் செய்தது வேறு. கிணற்றடித் தொட்டியில் படகைச் சும்மா மிதக்கவிட்டோம். (துணி அலச வந்த அப்பத்தா சொன்னதை இங்கே எழுத முடியாது.) பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் உள்ளே இரண்டு ஸ்பூன் தண்ணீர். மூடி வழியாக வந்திருக்கும் என்றான். மூடி நீர்மட்டத்துக்கு மேலே அல்லவா இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஒவ்வொரு இடமாக வைத்துப் பார்த்து அவனே கண்டுபிடித்தான். மோட்டாரிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகும் கம்பியின் குழாய்! உள்ளே கிரீஸ் காய்ந்துபோயிருந்தது. ஊசியில்லாத சிரிஞ்சில் கிரீஸ் ஏற்றி அடைத்தோம். தண்ணீர் நின்றது. கம்பியும் தடையில்லாமல் சுற்றியது, மோட்டார் சூடும் குறைந்தது.

அடுத்து பேட்டரி. முன்னால் இருந்ததால் மூக்கு தண்ணீரை உழுதுகொண்டு போனது. இரண்டு சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தினோம், மூக்கு தூக்கியது. ஆசை விடுமா? ஐந்து சென்டிமீட்டர் நகர்த்தினான், படகு தவளை மாதிரி துள்ளியது. மறுபடி முன்னால் கொண்டுவந்தான். முழு வேகத்தில் இடப்பக்கம் சாய்ந்தது. "படகே கோணல்" என்றான். பின்னாலிருந்து பார்த்தால் புரொப்பெல்லர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கேட்டேன். வலஞ்சுழி. அப்படியானால் படகின் உடம்பு எந்தப் பக்கம் திரும்பப் பார்க்கும்? நியூட்டனின் மூன்றாம் விதியை ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் முழு மார்க்குக்கு எழுதியவன், அன்றைக்குத்தான் அதைக் கண்ணால் பார்த்தான். பேட்டரியை ஒரு விரல் அகலம் வலப்பக்கம் தள்ளி வைத்தான்.

ஊரணியில் படித்துறையிலிருந்து எதிர்க்கரைக்கு முன்பு 31 செகண்ட். இப்போது 24.

இன்னொன்று. பெரிய லித்தியம் பேட்டரி விளையாட்டுச் சாமான் அல்ல. செல்லுக்கு 4.2 வோல்ட்டைத் தாண்டி ஏற்றினால் உப்பும், தீப்பிடிக்கவும் செய்யும். இராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கும் பழக்கமுள்ள வீடு எங்களுடையது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த சிக்ரி நம் ஊரில் இருக்கிறது. பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம். அதன் வாசல் வழியாகத் தினமும் போய்வரும் நம் பிள்ளைகளுக்கு, கையிலிருக்கும் பேட்டரிக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. மேம்படுத்துவது என்றால் பெரிதாக ஒன்றை வாங்கிப் போடுவது என்று நினைக்கிறார்கள். போனை வருஷா வருஷம் மாற்றும் நம்மைப் பார்த்துத்தான் கற்றார்கள். 1898-ல் நியூயார்க்கில் டெஸ்லா ரேடியோ அலையால் ஒரு சின்னப் படகை ஓட்டிக் காட்டியபோது, பாகம் வாங்கக் கடை ஏது?

இதைச் சொல்ல எனக்கு முழுத் தகுதி இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மாணவன் தெர்மாகோலில் படகு செய்து, பழைய டேப் ரெக்கார்டர் மோட்டாரைப் பொருத்தி வகுப்புக்குக் கொண்டுவந்தான். அரைப் பரீட்சை நேரம். பிடுங்கி பீரோ மேல் வைத்தேன். "பரீட்சை முடிந்ததும் தருகிறேன்" என்றேன். தரவில்லை. அடுத்த வருஷம் வெள்ளையடிக்கும்போது அது குப்பையோடு போயிற்று. அவன் கேட்கவும் இல்லை. அந்த மோட்டாருக்கு அவன் புரொப்பெல்லரை எதில் செய்திருந்தான் என்று நானும் கேட்கவில்லை. பேரன் டிஷ்யூ பேப்பரோடு குனிந்திருந்தபோது அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது. தம்பி, நீ இதைப் படித்தால் தயவுசெய்து எழுது. புரொப்பெல்லர் விஷயத்தையும் சேர்த்து.

மோட்டாரை மாற்றவே கூடாது என்பதல்ல என் கட்சி. இந்த மோட்டாரால் எவ்வளவு முடியும் என்று பார்த்து முடித்த பிறகு, எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று அவனே கணக்குப் போட்டுக் காட்டினால், காசு நானே தருகிறேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊரணியில் மறுபடி ஓட்டம். பாசி புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்வதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. உள்ளூர் மாணவர்கள் யாருக்காவது யோசனை இருந்தால் நேரில் வாருங்கள். சிங்கப்பூர் உறவுகள் தயவுசெய்து மோட்டார் அனுப்பாதீர்கள்.