கேள்விக்குறிக்குப் பின்னால் என்ன இருக்கு?



எங்க நைனா ஆம்பூர் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் டிரம் வேலை செய்பவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மேஸ்திரி எழுதும் நோட்டைப் பற்றி அடிக்கடி சொல்வார்: "சுண்ணாம்பு போட்டோம்னு எழுதினா போதாது. எத்தனை கிலோ தோலுக்கு எத்தனை கிலோ சுண்ணாம்புன்னு எழுதணும். அப்பத்தான் தோல் கெட்டா காரணம் தெரியும்."

எங்கள் வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்த எனக்கு, இந்தப் பேச்சின் அருமை கம்ப்யூட்டர் லேபில்தான் புரிந்தது.

மெஸ் பில்லுக்காக ஜாவாவில் ஒரு புராஜெக்ட் செய்தோம். மே மாத பில் கேட்டால் ஏப்ரல் பில் வந்தது! டேட்டாபேஸுக்குப் போகும் எஸ்.க்யூ.எல். வாக்கியத்தை நமக்காக எழுதுவது ஹைபர்நேட். லாகில் அதைப் பார்த்தோம். வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மாதம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறி! இரண்டு ராத்திரி போச்சு. பிறகு பாராமீட்டர் மதிப்புகளையும் காட்டும்படி பைண்ட் லாகை 'ட்ரேஸ்' நிலைக்கு மாற்றினோம். '4' என்று வந்தது. ஜாவாவின் காலண்டர் மாதத்தைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும்; அதற்கு 4 என்றால் மே. எங்கள் டேபிளிலோ 4 என்றால் ஏப்ரல்!

ரெக்கார்டு நோட்டில் அவுட்புட் ஒட்டினால் மார்க் கிடைக்கிறது. லாகையும் ஒட்டச் சொல்ல வேண்டும் என்பதே என் கருத்து.

ஆனால் மதிப்பை எழுதுவதில் ஆபத்தும் இருக்கு. 2018 மே மாதம் ட்விட்டர் நிறுவனம் (இன்று எக்ஸ்), பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் தன் உள் லாகில் பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்து, சுமார் 33 கோடிப் பேரை பாஸ்வேர்டு மாற்றிக்கொள்ளச் சொன்னது. நம் நாட்டில் செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் அதில் யாருடைய ரகசியம் கிடக்கும்?

எங்கம்மா எந்தக் கவுண்டரில் கேட்டாலும் ஆதார் நம்பரைத் தயங்காமல் சொல்லிவிடுவார். அது எந்த ஃபைலில் போய் உட்காருகிறது என்று அவருக்குத் தெரியாது. நாளை அந்தப் புரோகிராமை எழுதப்போகும் நமக்குத் தெரியும்!

ஆகவே நண்பர்களே, தப்பைத் தேடும்போது மாதிரி டேட்டாவை வைத்து மதிப்போடு எழுதுங்கள். ஊர் ஜனம் பயன்படுத்தும் நாளில் அந்த ட்ரேஸை மறக்காமல் அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்டும் ஆதாரும் எந்த லாகிலும் வேண்டாம்.

நோட்டு எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது. எதை எழுதக்கூடாது என்றும் தெரிந்திருக்க வேண்டும். படித்தவனுக்கு அதுதானே அழகு!

— கணினிப் பொறியியல் மாணவன், அணைக்கட்டு