வளைந்த முதுகும் நனைந்த முதுகும்

மெக்சிக்கர் சோம்பேறிகள் என்றொரு பழி அமெரிக்க ஐக்கிய நாட்டில் நெடுங்காலமாக உலவி வருகிறது. அகன்ற தொப்பியை முகத்தின்மேற் கவிழ்த்துக்கொண்டு, கள்ளிச் செடியின் அடியில் உறங்கும் மனிதனின் உருவமே அதன் சின்னம். பொம்மையாகவும் விளம்பரப் படமாகவும் கடைதோறும் விலைபோன உருவம் அது. பொழுது புலருமுன் எழுந்து, அந்நாட்டார் உண்ணும் கீரையையும் கிழங்கையும் பழத்தையும் விளைவித்துக் கொடுத்தவனுக்கு அந்நாடு சூட்டிய பட்டம் இது! அறியாமையால் எழுந்த பழி என்று சமாதானம் கூறுவாரும் உளர். நாம் அதனை ஏற்கோம். வேண்டும்போது ஒருவிதமாகவும் வேண்டாதபோது வேறுவிதமாகவும் மாறுவது அறியாமையன்று, அது கணக்கு.

விவசாயிகளான நம் வாசகர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும். ஏறக்குறைய ஒரு முழப் பிடியுள்ள களைகொத்தியைக் கையிற் கொடுத்து, கண்ணுக்கெட்டாத நீளமுள்ள வரிசைகளில் காலை முதல் மாலைவரை இடுப்பை மடித்தபடியே கொத்தச் சொன்னால் நாம் எத்தனை நாள் தாங்குவோம்? கலிபோர்ணியாவின் சலாதுத் தோட்டங்களிலும் சீனிக்கிழங்கு வயல்களிலும் மெக்சிக்கத் தொழிலாளர் ஆண்டாண்டாக இதனைத்தான் செய்தனர். "எல் கோர்த்தித்தோ", அதாவது குட்டையன், என்று அக்கருவிக்குப் பெயரிட்டனர். நீண்ட பிடி போட்டாலென்ன? பயிர் கெட்டுவிடும் என்றனர் முதலாளிமார். குட்டைப் பிடியால் அவர்களுக்கு வேறொரு வசதியும் இருந்தது. அதனோடு வேலை செய்பவன் நிமிர்ந்தால் வேலை நின்றுவிட்டது என்று பொருள். கங்காணி வயலின் மறுகோடியில் நின்றே கண்டுகொள்ளலாம். முதுகெலும்பு தேய்ந்து, நடுவயதிலேயே முடங்கிப்போனோர் பலர். மருத்துவர் சாட்சி கூறினர்; வழக்கறிஞர் வாதாடினர். 1975இல் மாநில உச்ச நீதிமன்றின் தீர்ப்பையடுத்து அக்கருவி தடைசெய்யப்பட்டது. தோட்டங்கள் அழிந்தனவா? இல்லையே! நீண்ட பிடியோடும் சலாது விளையத்தான் செய்கிறது.

இதே கலிபோர்ணியாவின் செனட் சபை உறுப்பினராயிருந்த ஜோர்ஜ் மேர்பி என்பவர், மெக்சிக்கர் தரைக்கு அண்மையாகப் படைக்கப்பட்டவர்கள், ஆதலால் குனிவது அவர்களுக்கு எளிது என்று 1960களில் திருவாய் மலர்ந்தருளினார். அப்படியானால் கள்ளியடியில் உறங்கிய சோம்பேறி எங்கே போனான்? குனிவதற்கு ஆள் தேவைப்பட்டதும் அவனுக்கு விழிப்பு வந்துவிட்டது போலும்!

கணக்கின் மறுபக்கத்தையும் பார்ப்போம். 1929இல் பொருளாதாரம் சரிந்தது. உடனே, நமது பிழைப்பைப் பறிக்கும் அந்நியர் என்ற கூச்சல் எழுந்தது. இலட்சக்கணக்கானோர் புகையிரதங்களில் ஏற்றப்பட்டு மெக்சிக்கோவுக்கு அனுப்பப்பட்டனர். அவருள் பெருந்தொகையினர் அமெரிக்க மண்ணிற் பிறந்த குடிமக்கள். 2005இல் கலிபோர்ணியா சட்டமியற்றி மன்னிப்புக் கோரியது. கோரிய காலத்தில் அவருட் பலர் மண்ணோடு மண்ணாகியிருந்தனர். 1942இல் போர் வந்தது, ஆள் வேண்டும். விரட்டியவரே அழைப்பு விடுத்தனர். அத்திட்டத்தில் வந்தவர்களுக்கு "பிரசேரோ" என்று பெயர். கை என்னும் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. கை மட்டுமே வேண்டும். அக்கைக்குரிய மனிதன் வேண்டாம்! 1964வரை ஏறத்தாழ 46 இலட்சம் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. எல்லையில் ஆடை களைந்து நிறுத்தி, பூச்சிகளுக்குத் தெளிப்பதுபோல் டி.டி.ரி. தூளைத் தெளித்தனர். முதலாண்டுகளில் கூலியில் நூற்றுக்குப் பத்தைச் சேமிப்பு என்று பிடித்துவைத்தனர். பலருக்கு அப்பணம் திரும்பவேயில்லை.

1954இல் நடந்தது இன்னும் விசித்திரம். ஆற்றை நீந்திக் கடந்தவன் என இகழும் "நனைந்த முதுகன்" என்ற வசைச்சொல்லையே அரசாங்கம் தன் வெளியேற்ற நடவடிக்கைக்குப் பெயராகச் சூட்டியது. அதே ஆண்டில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தக் கூலிகளை அதே அரசாங்கம் வரவழைத்தது. முன்வாசலால் துரத்தி, பின்வாசலால் அழைத்த கெட்டித்தனத்தை என்னென்பது!

பள்ளிக்கூடமும் தப்பவில்லை. 1940களில் கலிபோர்ணியாவின் வெஸ்ற்மின்ஸ்ரரில் ஒரு பெண்மணி தம் பிள்ளைகளையும் தம் சகோதரரான மெண்டெஸ் என்பவரின் பிள்ளைகளையும் ஒன்றாகப் பள்ளியிற் சேர்க்கச் சென்றார். வெளிர் நிறமும் பிரெஞ்சு ஒலியுள்ள குடும்பப் பெயரும் கொண்ட அவர் பிள்ளைகளுக்கு இடமுண்டு. மெண்டெஸின் பிள்ளைகளுக்கு இல்லை. ஆங்கிலம் போதாது என்பதே அதிகாரிகள் பின்னர் நீதிமன்றிற் சொன்ன சாக்கு. முறையாகப் பரீட்சித்தார்களா? தோலையும் பெயரையும் பரீட்சித்தார்கள்! மெண்டெஸ் வழக்குத் தொடுத்து 1946இல் வென்றார். மேன்முறையீட்டிலும் 1947இல் அத்தீர்ப்பு நிலைத்தது.

இவையெல்லாம் பழங்கதை என்பாருக்கு ஒன்று கூறுவோம். 2020இல் பெருந்தொற்று நாட்டை முடக்கியபோது, தோட்டத் தொழிலாளரை இன்றியமையாத பணியாளர் என்று அரசாங்கமே அறிவித்தது. 2025 ஜூனில் அவர்களையே வயல்களிற் புகுந்து பிடித்தனர். கமக்காரர் முறையிட்டதும் பிடிப்பு நிறுத்தப்பட்டது; சில நாட்களிலேயே மீண்டும் தொடங்கியது. அந்தச் சில நாட்களுக்கு மட்டும் அவர்கள் நல்லவர்கள்!

தோற்றம், ஸ்பானிய மொழி அல்லது அதன் சாயலுள்ள பேச்சு, நிற்கும் இடம், செய்யும் தொழில் ஆகிய நான்கை மட்டுமே கொண்டு எவரையும் மறித்து நிறுத்தலாகாது என்று லொஸ் ஏஞ்சல்ஸ் நீதிபதியொருவர் 2025 ஜூலையிற் கட்டளையிட்டார். செப்ரெம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அக்கட்டளையை இடைநிறுத்தியது. லத்தீனருள் ஐவரில் நால்வர் அந்நாட்டுக் குடிமக்கள். அவருள் ஒருவர் இனிப் பேருந்துத் தரிப்பிடத்தில் தாய்மொழியிற் பேசிக்கொண்டு நிற்பதும் சந்தேகத்துக்குச் சான்றாகலாம். நான்காவதாகச் சொல்லப்பட்ட தொழிலோ, களைகொத்தியைக் கையிற் கொடுத்து அவர்கள் தலையில் அந்நாடே கட்டிய தொழில்.