மலை ஏறும் முன் ஐட்லிங்கைக் கேளுங்கள்!

கொடைக்கானல் போவதென்றால் இப்போது முதல் வேலை இ-பாஸ் எடுப்பதுதான். 2024 மே 7-ஆம் தேதி முதல் நடைமுறைக்கு வந்தது, போனிலேயே எடுத்துவிடுகிறோம். ஸ்வெட்டர், வாந்தி மாத்திரை, புளிசாதம் என்று மற்றதும் தயாராகிவிடும். ஆனால், வீட்டிலிருக்கும் பழைய பெட்ரோல் கார் சிக்னலில் நிற்கும்போது தடதடவென்று ஆடுகிறதே, சில நேரம் பொசுக்கென்று அணைந்துவிடுகிறதே... அதை மட்டும் 'பழைய வண்டிதானே, அப்படித்தான் இருக்கும்' என்று விட்டுவிடுகிறோம்.

ஊருக்குள் அது வெறும் தொந்தரவு. பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார், அவ்வளவுதான். மலையில் அது பிரேக் சம்பந்தப்பட்ட விஷயம். எப்படி என்று பார்ப்போம்.

ஐட்லிங்குக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் இன்ஜின் தானாக ஓடிக்கொண்டிருப்பதுதான் ஐட்லிங். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் நிமிடத்துக்கு 750 முதல் 900 சுற்று வரை இருக்கும். அப்போது காற்று நுழையும் வழி கிட்டத்தட்ட மூடியிருக்கும். அதனால் இன்ஜினின் மேனிஃபோல்டுக்குள் வேக்கம், அதாவது உறிஞ்சும் சக்தி, உண்டாகிறது. இந்த வேக்கத்தை ஒரு தடித்த ரப்பர் டியூப் வழியாக வாங்கித்தான் பிரேக் பூஸ்டர் வேலை செய்கிறது. நீங்கள் மெதுவாக மிதித்தாலும் வண்டி நிற்பது அதன் தயவில்தான்.

இப்போது பெருமாள்மலையைத் தாண்டி வத்தலக்குண்டு பக்கம் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கியரில் இருக்கும்வரை சக்கரமே இன்ஜினைச் சுற்றவைக்கும், கவலையில்லை. கொண்டை ஊசி வளைவில் கிளட்சை மிதித்த நொடியில்தான் இன்ஜின் தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும். ஐட்லிங் சரியில்லாத இன்ஜின் அணைவது அங்கேதான். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்கம் ஓரிரு மிதிக்குத்தான் வரும். அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பிரேக் போய்விடவில்லை, ஆனால், பல மடங்கு பலமாக மிதித்தால்தான் பிடிக்கும். பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் கனத்துவிடும்.

ஸ்க்ரூவைத் திருகாதீர்கள்

'ஐட்லிங் நிற்கவில்லையா? ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி விடுங்கள்' என்பது எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். வண்டி அணையாது என்பது உண்மைதான். ஆனால், காய்ச்சல் இருக்கும்போது தெர்மாமீட்டரை உடைப்பது போன்ற வேலை அது. காரணம் உள்ளேயே இருக்கும். அதோடு, ஐட்லிங்கை ஏற்றிய வண்டி இறக்கத்தில் தானாகவே முன்னால் தள்ளும். கியர் தரும் பிடிப்பு குறையும். அந்தச் சுமையும் பிரேக்கின் தலையில்தான் விழும்.

மலைக் காற்றின் குணம்

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 78 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். மாருதி 800-இன் ஆரம்ப மாடல்கள், அம்பாசடர், பத்மினி போன்ற கார்புரேட்டர் வண்டிகளுக்கு இது தெரியாது. கீழே விட்ட அளவுக்கே மேலேயும் பெட்ரோலை விடும். காற்று குறைவு, பெட்ரோல் அதிகம் என்றாகி, ஐட்லிங் தள்ளாடும்; புகை கறுக்கும். சமவெளியில் நன்றாக இருந்து, உயரம் ஏற ஏற மோசமாகி, இறங்கியதும் சரியானால் இதுதான் காரணம். பெரிய பழுது இல்லை.

கொடைக்கானல் மெக்கானிக் கலவை ஸ்க்ரூவைத் திருகி இதைச் சரிசெய்து தருவார். எத்தனை சுற்று திருகினார் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கீழே வந்ததும் பழையபடி வைக்காவிட்டால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடாகும்.

2000-ஆம் ஆண்டையொட்டி வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளில் சென்சார்கள் காற்றழுத்தத்தை உணர்ந்து பெட்ரோலைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். எனவே அந்த வண்டி மலையில் ஆடினால், 'உயரம்தான் காரணம்' என்று சமாதானம் சொல்ல முடியாது. பழுது வண்டியில் இருக்கிறது.

பனிமூட்டத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஆவியாகும்போது காற்று மேலும் குளிரும். ஈரக்காற்றிலுள்ள நீர் உள்ளேயே ஐஸாக உறைந்து வழியை அடைக்கும். வண்டி அணையும், பத்து நிமிடம் கழித்து இன்ஜின் சூட்டில் ஐஸ் கரைந்து, ஒன்றுமே நடக்காதது போல் ஸ்டார்ட் ஆகும். 'நின்றால் சரியாகிறது' என்று சொன்னால் மெக்கானிக்குக் குறிப்பு கிடைத்துவிடும்.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பானட்டைத் திறந்துவைத்துக் கேளுங்கள். மூடிய கேரேஜுக்குள் வேண்டாம், புகை ஆபத்து. துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எல்லாம் ஃபேன் பெல்ட்டிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

முதலில், எப்போது ஆடுகிறது என்று பாருங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினில் மட்டுமா, சூடான பிறகா, ஏ.சி. போட்டாலா? காலையில் மட்டும் என்றால் சோக் அல்லது வெப்பநிலை சென்சார் பக்கம் பார்க்க வேண்டும். ஏ.சி. போட்டதும் அணைந்தால், கூடுதல் சுமைக்கு ஐட்லிங்கை உயர்த்தும் அமைப்பு வேலை செய்யவில்லை.

அடுத்து, எப்படி ஆடுகிறது? ஒரே தாளத்தில் 'டுக்... டுக்...' என்று விட்டுவிட்டு அதிர்ந்தால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. பிளக், பிளக் வயர், பழைய வண்டியென்றால் சி.பி. பாயின்ட், டேப்பட் இடைவெளி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பிளக்கின் நிறமும் பேசும். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்; வெளிறியிருந்தால் காற்று அதிகம்; எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் உள்ளே ஏறுகிறது.

அப்படியில்லாமல் சுற்று மெதுவாக ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் எங்கோ திருட்டுத்தனமாகக் காற்று நுழைகிறது, எம்.பி.எஃப்.ஐ. வண்டியென்றால் ஐட்லிங் வால்வில் கரி படிந்திருக்கலாம். 'உஸ்ஸ்' என்று சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ரப்பர் டியூப்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெடிப்பு, கடினமாகிப்போன முனை, தளர்ந்த கிளிப் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஒரு டியூபை அழுத்தி மூடியதும் ஐட்லிங் மாறினால், அந்தப் பாதையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கடைசியாக, தவறவே விடக்கூடாத சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டு பிரேக் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள், கடினமாகும். அப்படியே மிதித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்கடியில் சற்றே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரிலோ அதற்குப் போகும் டியூபிலோ வால்விலோ கோளாறு. ஐட்லிங்கும் ஆடி, இந்தச் சோதனையிலும் தோற்றால் இரண்டுக்கும் காரணம் அந்த ஒரே டியூபாகக்கூட இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் காட் ரோடு பக்கம் போகவே வேண்டாம்.

பெட்ரோல் வாசனை வந்தால் சோதனையை அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டியூபைச் சுற்றி ஸ்ப்ரே அடிப்பது, ஓடும் இன்ஜினில் பிளக் வயரை இழுப்பது போன்ற வேலைகளும் அவருடையவை.

வழியில் அணைந்துவிட்டால்?

பதறி பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிக்காதீர்கள். ஒவ்வொரு மிதிக்கும் மிச்ச வேக்கம் கரையும். ஒரே மிதியாக, அழுத்தமாக, விடாமல் மிதியுங்கள். கியர் விழுந்தே இருந்தால் கிளட்சை மெல்ல விடுங்கள். உருளும் சக்கரம் இன்ஜினை மறுபடி சுற்றவைக்கும். சாவியை மட்டும் உருவிவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். வண்டி நின்றதும் ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை டிரைவர்களின் பழைய பாடம். பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குவது அறவே கூடாது. அப்போது பிரேக்குக்கு இருக்கும் ஒரே துணை அந்தத் தள்ளாடும் ஐட்லிங்தான்.

மெக்கானிக்கிடம் போகும்போது 'ஐட்லிங் சரியில்லை, ஏற்றி விடுங்கள்' என்று சொல்லாதீர்கள். 'எப்போது, எப்படி ஆடுகிறது என்று பார்த்திருக்கிறேன், காரணத்தைக் கண்டுபிடியுங்கள், பூஸ்டர் டியூபையும் பாருங்கள்' என்று சொல்லுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.