கட்டைப் பிரிக்காதீர்கள்

சங்கு முத்திரை பதித்த திருவிதாங்கூர் முத்திரைத்தாளுக்குச் சேகரிப்பவர்களிடம் நல்ல கிராக்கி. அதனாலேயே ஒரு கொடுமை நடக்கிறது. முத்திரை இருக்கும் தலைப்பகுதியை மட்டும் கத்தரித்து விற்றுவிடுகிறார்கள். யார் எந்த வயலை ஒற்றி வைத்தார், எந்தக் குளத்துத் தண்ணீர் அதற்குப் பாய்ந்தது, கிழக்கெல்லை யாருடையது என்று எழுதிய பகுதி ஆக்கர் கடையில் எடைக்குப் போகிறது. தலை போன அந்தப் பத்திரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் காகிதங்களைத் தனித்தனியாகப் படித்துப் பயனில்லை. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதற்கு முன் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்ததால் ஒரே வீட்டுக் காகிதக் கட்டில் தமிழும் மலையாளமும் கலந்து கிடக்கும். வருடம் கொல்லம் ஆண்டில் இருக்கும், கணக்கு திருவிதாங்கூர் நாணயமான சக்கரத்தில் இருக்கும். கொல்லம் ஆண்டோடு 825ஐக் கூட்டினால் ஏறத்தாழ ஆங்கில ஆண்டு வந்துவிடும்.

சொத்து சகோதரியின் மக்களுக்குப் போன மருமக்கள்வழிக் குடும்பங்களின் கட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பத் தலைவரான காரணவர் எழுதிய நெல்கணக்கு, உகந்துடைமைப் பங்கு கேட்டு மனைவி மக்கள் போட்ட வழக்கு, கொல்லம் 1101இல், அதாவது 1926இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தபின் எழுதிய பாகப்பத்திரம். மூன்றும் ஒரே கட்டில் இருந்தால் ஒரு தறவாட்டுக் கூட்டுக்குடும்பம் உடைந்த கதை முழுதாகக் கிடைக்கும். பிரித்து மூன்று பேருக்கு விற்றால் மூவரிடமும் இருப்பது பழைய தாள், அவ்வளவுதான்.

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இதை அன்றே உணர்ந்திருந்தார். அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் இருந்த ஓலைகளைப் படித்துப் பிரதி எடுத்தார். அ.கா. பெருமாள் பின்னர் அவற்றை நூலாகப் பதிப்பித்தார். மனிதரை விலைக்கு விற்ற அடிமை ஓலைகளும் அவற்றில் உண்டு. 1855இல் திருவிதாங்கூர் அடிமை முறையை ஒழித்தது என்று பாடப்புத்தகம் ஒரு வரியில் சொல்லிவிடும். நாஞ்சில் நாட்டில் அடிமை முறை எப்படி நடந்தது என்பதற்கு அந்த ஓலைகள்தான் சாட்சி. ஒரு வீட்டில் ஒன்றாக இருந்ததால்தான் அவை வரலாறாயின.

கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகங்களோடு நோட்டீஸ்களையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கியது. சிதறாமல் சென்னையிலேயே அது ஆராய்ச்சி நூலகமாக நிற்கிறது. அப்படி ஒன்று நாகர்கோவிலுக்கும் வேண்டும் என்பது என் தீராத ஆசை.

அதுவரை வீட்டில் செய்ய முடிந்தது கொஞ்சம் உண்டு. செல்லோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை தாளை மஞ்சளாக்கித் தின்றுவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். துருப்பிடித்த குண்டூசியை எடுத்துவிட்டுப் பருத்தி நூலால் கட்டுங்கள். எந்த ஊர், எந்த வீடு, எந்தப் பெட்டி என்று ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. கவிமணியின் ‘மருமக்கள்வழி மான்மியம்’ நூலாவதற்கு முன் ‘தமிழன்’ இதழில்தான் தொடராக வந்தது. அந்த இதழ்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டு மச்சில் இருந்தால் விற்க வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். அங்கேயே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ள அனுமதித்தால் போதும்.