வக்கீல் வெப்ஸ்டரின் கட்சிக்காரர் யார்?

1955-ம் ஆண்டில் அமெரிக்க செனட் ஒரு கமிட்டி போட்டது. அந்தச் சபையில் அமர்ந்தவர்களில் தலைசிறந்த ஐவரைப் பொறுக்கி எடுப்பது அதன் வேலை. தலைவர் ஜான் கென்னடி. பொறுக்கிய ஐவரில் ஒருவர் டானியல் வெப்ஸ்டர். 1956-ல் கென்னடியின் பெயரில் வெளிவந்த புத்தகமும், 1850-ல் வெப்ஸ்டர் செய்த பிரசங்கத்தை அரசியல் துணிவுக்கு எடுத்துக்காட்டு என்று புகழ்ந்தது.

துணிவா அது? யாரை எதிர்த்து? யாருக்காக? நாம் கேட்கிறோம். வக்கீலை எடைபோட அவருடைய கட்சிக்காரர் யார் என்றுதானே பார்க்க வேண்டும்?

1782-ல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்த வெப்ஸ்டர், 1805-ல் வக்கீலானார்; 1813-ல் காங்கிரஸ் பிரதிநிதியானார்; 1816-ல் பணம் புரளும் பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்தார். வாதத் திறமை அபாரம். அதை நாம் மறுக்கவில்லை. 1819-ல், கல்லூரியின் சாசனம் ஓர் ஒப்பந்தம், ராஜ்ய சர்க்கார் அதில் கை வைக்கக் கூடாது என்று டார்ட்மத் கல்லூரிக்குத் தீர்ப்பு வாங்கித் தந்தார். கல்லூரிக்காகக் கட்டிய அந்தக் கோட்டைக்குள் பின்னர் கம்பெனிகள் குடியேறிக்கொண்டன.

1820 டிசம்பரில், அடிமை வியாபாரம் மகா பாதகம் என்று பிளிமத் நகரில் முழங்கினார். அதே மாதத்தில், மாஸசூஸெட்ஸ் அரசியல் சட்ட மாநாட்டில், ராஜ்ய செனட் ஸ்தானங்களை ஜனத்தொகைப்படி அல்ல, சொத்தின்படியே பங்கிட வேண்டும் என்று வாதாடினார். மேடையில் மனிதாபிமானம், சட்டத்தில் சொத்து!

1824-ல் காப்பு வரியை எதிர்த்தார். அன்று பாஸ்டன் பணம் கப்பலில் இருந்தது. 1828-ல் காப்பு வரிக்கு ஓட்டுப் போட்டார். அதற்குள் பணம் பஞ்சாலைகளுக்குள் புகுந்துவிட்டது. பணம் திரும்பிய பக்கம் கொள்கையும் திரும்பியது!

ஐக்கிய நாடுகளின் பாங்கிக்கு அவர் கோர்ட்டில் வக்கீல், செனட்டில் ஆதரவாளர். பாங்கியின் சாசனத்தை நீட்டிக்கும் மசோதாவை 1832-ல் ஜனாதிபதி ஜாக்ஸன் ரத்துச் செய்தார். போராட்டம் செனட்டில் கொதித்துக்கொண்டிருந்த 1833 டிசம்பரில், பாங்கித் தலைவர் பிடிலுக்கு வெப்ஸ்டர் ஒரு கடிதம் எழுதினார். வழக்கமான வக்கீல் சம்பளம் புதுப்பிக்கப்படவில்லை, உறவு தொடர வேண்டுமானால் அதை அனுப்புவது நல்லது என்பது அதன் சாரம். மக்கள் பிரதிநிதியின் குட்டு அவர் கைப்பட எழுதியதிலேயே வெளிப்பட்டது.

இனி அந்தப் "துணிவு". 1850 மார்ச் 7-ந் தேதி, தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் தரும் சட்டத்துக்கு ஆதரவாக அவர் பேசினார். செப்டம்பரில் சட்டம் வந்தது. பிடிபட்டவருக்கு ஜூரி இல்லை. தன் தரப்பில் சாட்சி சொல்ல உரிமை இல்லை. அடைக்கலம் தந்தவருக்கு 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. விசாரிக்கும் கமிஷனருக்கு, விடுதலை செய்தால் 5 டாலர். அடிமையென்று திருப்பி அனுப்பினால் 10 டாலர்! நூற்றுக்கணக்கான பாஸ்டன் பிரமுகர்கள் கையெழுத்திட்டு வெப்ஸ்டருக்கு நன்றி தெரிவித்தார்கள். ஏன் மாட்டார்கள்? அவர்களுடைய ஆலைக்குப் பஞ்சு, தெற்கே அடிமைகளின் முதுகில் அல்லவா வந்தது!

நாடு உடையாமல் காக்கத்தான் அப்படிப் பேசினார் என்கிறார்கள் புகழ்வோர். உடைவது நின்றதா? 1861-ல் யுத்தம் வெடித்தது. இடையே கிடைத்த பத்தாண்டு அவகாசத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார்? 1850-ம் ஆண்டின் ஜனத்தொகைக் கணக்குப்படி அங்கே 32 லட்சம் அடிமைகள்! அவர்களிடம் யார் சம்மதம் கேட்டார்கள்?

மெய்யான துணிவு வேறிடத்தில் இருந்தது. 1851 பிப்ரவரியில், தப்பி வந்த ஷாட்ராக் மின்கின்ஸைப் பாஸ்டன் கோர்ட்டுக்குள்ளேயே புகுந்து மீட்டார்கள் நீக்ரோ மக்கள். அப்போது ராஜாங்க மந்திரியாக இருந்த வெப்ஸ்டர், இது ராஜத் துரோகம் என்று சீறினார். வழக்குகள் நடந்தன. ஜூரிகள் ஒருவரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. ஏப்ரலில் தாமஸ் ஸிம்ஸை ஆயுதக் காவலுடன் கப்பலேற்றி ஜார்ஜியாவுக்கு அனுப்பினார்கள். அங்கே அவருக்குச் சவுக்கடி கிடைத்தது. 1852-ல் வெப்ஸ்டர் மாண்டார்.

கோர்ட்டில் வக்கீல் தன் கட்சிக்காரரின் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் வாதாடுகிறார். சட்டசபையில் அந்தப் பெயரை மறைத்து "தேசம்" என்று சொல்கிறார். சிலைகளுக்கு மாலை போடுகிறவர்கள் போடட்டும். சட்டசபையில் எவர் எழுந்து நின்று தேசத்தின் பெயரால் பேசினாலும், உழைப்பாளி மக்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஐயா, உமது கட்சிக்காரர் யார்?